நத்தாரும் நம் வீட்டுக் கைவேலையும்

நூற்றாண்டு மலர்களில் வழக்கமாக அதிபர்களின் சேவைக்காலம், கட்டடங்கள் எழுந்த ஆண்டு, பரீட்சைப் பெறுபேறு, விளையாட்டு வெற்றி ஆகியன இடம்பெறும். அவை இடம்பெற வேண்டியவையே. ஆனால் யாழ்ப்பாணக் குடாநாட்டின் பெண்கள் பாடசாலைகளில் படித்தவர்கள் இரண்டு மூன்று பேர் ஓரிடத்தில் கூடினால் வேறு விடயங்களைத்தான் முதலில் கதைப்பார்கள். தையல் வகுப்பில் பிரித்துப் பிரித்துத் திரும்பத் தைத்த லேஞ்சி, மூன்றாம் தவணை முடிவில் ஒளி விழாவுக்கு ஒட்டிய வெளிச்சக்கூடு, பசை காயுமுன் கிழிந்த ரிசுத் தாள், அதற்காக ரீச்சரிடம் வாங்கிய ஏச்சு, இவையே பேச்சாக இருக்கும்.

இந்தக் கைவேலைகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. அதை நத்தாரை வைத்துச் சொல்ல விரும்புகிறேன். நான் சைவ வீட்டுப் பிள்ளை. எங்கள் வகுப்பில் பாதிக்கு மேற்பட்டோர் அப்படியே. ஆயினும் மார்கழி மாதத்தில் மாட்டுக்கொட்டில் கட்டவும் நட்சத்திரம் ஒட்டவும் எல்லோருடைய கைகளும் ஒன்றாக வேலை செய்தன. அதிகாலையில் கோயிலில் திருவெம்பாவைச் சங்கு கேட்டு எழும்பி, பின்னேரம் கரோல் பயிற்சிக்கு நின்ற தலைமுறை நாங்கள்.

சொற்களில் இருக்கும் சரித்திரம்

கிறிஸ்து பிறப்பை நாங்கள் நத்தார் என்கிறோம். போர்த்துக்கேய மொழியில் அந்தப் பண்டிகைக்குரிய சொல் நத்தால். 1619இல் யாழ்ப்பாண இராச்சியம் போர்த்துக்கேயர் வசமானது. 1658இல் ஒல்லாந்தர் அவர்களை வெளியேற்றினர். நாற்பது ஆண்டு கூட முழுமையாக நிலைக்காத ஆட்சி அது. ஆனால் அவர்கள் விட்டுச்சென்ற சொற்களைப் பாருங்கள்: மேசை, அலுமாரி, சப்பாத்து, லேஞ்சி, பொத்தான், ரேந்தை, பாண், விசுக்கோத்து. கோட்டையையும் படையையும் பற்றிய சொற்களை விட வீட்டுக்குள் புழங்கும் பொருள்களின் பெயர்களே நம்மிடம் தங்கிவிட்டன. தையற்பெட்டியைத் திறந்தால் பொத்தானும் ரேந்தையும் அங்கே இருக்கும். நத்தார்ப் பலகாரத் தட்டில் விசுக்கோத்து இருக்கும். நம் அம்மம்மாமார் போர்த்துக்கேயச் சொல் என்று தெரியாமலே அவற்றைச் சொல்லி, தைத்து, சுட்டு வாழ்ந்திருக்கிறார்கள்.

ஒல்லாந்தர் காலத்தில் கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டது. கோவாவிலிருந்து 1687இல் இரகசியமாக வந்த யோசேப் வாஸ் அடிகளார் குடாநாட்டில் மறைந்திருந்து பணி செய்தார். 1689ஆம் ஆண்டு நத்தார் இரவில், யாழ்ப்பாணத்தில் பூசைக்காக வீடுகளில் கூடியிருந்த கத்தோலிக்கர்கள் பிடிக்கப்பட்டுக் கடுமையாகத் தண்டிக்கப்பட்டனர். அடிகளார் தப்பினார். 2015இல் அவர் புனிதராக உயர்த்தப்பட்டதை நாம் அறிவோம். குடாநாட்டில் நத்தார் நீண்ட காலம் வீட்டுப் பண்டிகையாக, கதவைச் சாத்திக்கொண்டு கொண்டாடப்பட்ட பண்டிகையாக இருந்தது என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

ஊசியும் ஏடும்

1816இல் அமெரிக்க மிஷனரிமார் தெல்லிப்பழையிலும், பின்னர் வட்டுக்கோட்டையிலும் பணி தொடங்கினர். 1824இல் ஹரியற் வின்சிலோ அம்மையார் உடுவிலில் பெண்களுக்கென விடுதிப் பாடசாலையை ஆரம்பித்தார். 1840இல் வந்த எலைசா அக்னியூ அம்மையார் 1879வரை அங்கே கற்பித்தார். ஒருமுறைகூடத் தாய்நாடு திரும்பவில்லை. ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்பிள்ளைகள் அவரிடம் படித்தார்கள். வாசிப்பு, எழுத்து, கணிதம், வேதம் என்பவற்றோடு அக்காலப் பெண்கள் பாடசாலைகளில் ஊசிவேலை தவறாத பாடம். பெண்பிள்ளையைப் படிக்க அனுப்பத் தயங்கிய பெற்றோருக்கு, தையலும் சேர்த்துச் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்பது ஓர் ஆறுதலாக இருந்திருக்கும். ஊசியைப் பிடிக்க என்று போன பிள்ளை புத்தகத்தையும் பிடித்தாள்.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. நத்தார் அலங்காரங்களை நமக்குத் தந்தவர்கள் அமெரிக்க மிஷனரிமார் என்று பலர் எண்ணுகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் வந்த நியூ இங்கிலாந்துப் பகுதியிலோ நத்தாருக்குப் பெரிய மதிப்பு இருக்கவில்லை. மசசூசெற்ஸ் குடியேற்றத்தில் 1659இல் நத்தார் கொண்டாடுவோருக்குத் தண்டப்பணமே விதிக்கப்பட்டது; 1681இல் அச்சட்டம் நீங்கினாலும் 1856இல்தான் அங்கே அது சட்டபூர்வ விடுமுறையானது. உடுவில் பாடசாலை அதற்கு 32 ஆண்டு மூத்தது.

நத்தார் மரம், வாழ்த்து மடல் முதலியன 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் இங்கிலாந்திலேயே பரவின. முதல் அச்சு மடல் 1843இல் லண்டனில் வெளிவந்தது. 1848இல் விக்ரோறியா மகாராணியின் குடும்பம் மரத்தைச் சுற்றி நிற்கும் படம் பத்திரிகையில் வந்தபின் மரம் வீடுதோறும் சென்றது. நம் பக்கம் 1834இல் வேம்படியிலும், 1896இல் சுண்டுக்குளியிலும் ஆங்கிலேய மிஷன்களின் பெண்கள் பாடசாலைகள் தோன்றின. 1862இல் பிரான்சிலிருந்து திருக்குடும்பக் கன்னியர் வந்தனர். ஆங்கிலேயரின் மரமும் மடலும், கத்தோலிக்கரின் பாலன் கொட்டிலும் இப்படி வெவ்வேறு வாசலால் குடாநாட்டுக்குள் நுழைந்து, பிறகு ஒரே விறாந்தையில் வந்து சேர்ந்தன. 1913இல் சேர் பொன்னம்பலம் இராமநாதன் மருதனார்மடத்தில் சைவப் பெண்பிள்ளைகளுக்கு நிறுவிய கல்லூரியையும் சேர்த்தால், ஊசியும் ஏடும் குடாநாட்டின் எல்லாச் சமயத்துப் பெண்களுக்கும் எட்டிய கதை முழுமை பெறும்.

மாரி காலத்து வீடு

பண்டிகை வெளியிலிருந்து வந்தாலும் அதைச் செய்த பொருள்கள் நம் வளவிலேயே கிடைத்தன. ஊசியிலை மரம் இல்லை, சவுக்கங்கொப்பு இருந்தது. வெண்பனி இல்லை, இலவம் பஞ்சைப் பிய்த்துக் கொப்பில் வைத்தோம். கண்ணால் காணாத பனியை அவ்வளவு ஆசையோடு செய்தவர்களில் பலர் இன்று ரொறன்ரோவிலும் ஒஸ்லோவிலும் விடியற்காலையில் அதே பனியைச் சவளால் அள்ளிக்கொண்டிருக்கிறார்கள்.

வெளிச்சக்கூடு செய்வது அண்ணன்மாரின் வேலையில் தொடங்கும். வாடைக்காற்று வீசும் அந்த மாதங்கள் பட்டக்காலமும்கூட. கொக்குப் பட்டத்துக்கும் எட்டுமூலைப் பட்டத்துக்கும் சிலாகை சீவிய கை, மிஞ்சிய சிலாகையில் ஐந்து முனை நட்சத்திரம் கட்டும். ஒரே அளவில் இரண்டு சட்டம் கட்டி, முனைகளைச் சேர்த்து நூலால் இறுக்கி, நடுவில் குறுக்குச் சிலாகை வைத்து விரித்தால் நட்சத்திரம் பருத்து நிற்கும். அதன்மேல் ரிசுத் தாள் ஒட்டுவது எங்கள் வேலை. கோதுமை மாவைக் காய்ச்சிய பசை; எலி, கரப்பான் தின்னாதிருக்கச் சிறிது துருசு சேர்ப்பவர்களும் உண்டு. ஜேர்மனியில் மொறேவியன் சபையினரின் பாடசாலையொன்றில் 1830களில் கேத்திரகணிதப் பாடமாகவே தாள் நட்சத்திரம் செய்யப் பழக்கினார்கள் என்று பின்னாளில் வாசித்தபோது எனக்கு வியப்பு ஏற்படவில்லை. சட்டத்தின் ஐந்து கையும் சமமாக வராவிட்டால் கூடு ஒருபக்கம் சாய்ந்து தொங்கும் என்பதை எங்கள் விறாந்தையும் கற்றுத்தந்தது.

மாட்டுக்கொட்டிலுக்கு வைக்கோலும் பனையோலையும் போதும். சீமெந்துப் பையின் தாளைக் கசக்கி, கரியும் மஞ்சளும் பூசினால் பாறை. தகரத் தட்டில் மண் பரப்பி ஒரு கிழமைக்கு முன்பே குரக்கன் விதைத்தால் புல்வெளி. சைவ வீடுகளில் நவராத்திரிக் கும்பத்துக்கு முளை போட்ட அனுபவம் இதற்கு உதவியது. கடகம், பெட்டி, சுளகு, தடுக்கு இழைத்த பெண்கள் குருத்தோலையில் கிளியும் மணியும் பின்னித் தருவார்கள். அவர்களில் பலர் பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. நம் கைவேலையின் வரலாற்றில் அவர்களே முதல் ஆசிரியைகள்.

சமையலறையில் கொக்கிஸ், பயற்றம் உருண்டை, அரியதரம், முறுக்கு தயாராகும். கேக் அடிக்க அயலட்டைப் பிள்ளைகள் எல்லோரும் வருவோம். சீனியும் மாஜரினும் கரையும்வரை கை மாற்றி மாற்றி அடிக்க வேண்டும். மின்னடுப்பு இல்லாத வீட்டில், பெரிய தாச்சியில் மணல் பரப்பி உள்ளே தகரத்தை வைத்து, மூடியின்மேல் தணல் போட்டு வேகவைப்பார்கள். 25ஆம் திகதி காலை பலகாரத் தட்டு வேலி கடந்து வரும். தைப்பொங்கலன்று அதே தட்டு நிறைந்து திரும்பிப் போகும். வெறும் தட்டைத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் எங்கள் ஒழுங்கையில் இருக்கவில்லை.

தட்டுப்பாட்டுக் காலம்

1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்தது. வெங்காயமும் மிளகாயும் செய்த நம் கமக்காரர் அக்காலத்தில் நிமிர்ந்தார்கள். கடைகளில் வெளிநாட்டு மடலும் உலர்ந்த பழங்களும் அருமையாயின. வீட்டிலேயே பூசணிக்காயையும் இஞ்சியையும் பாகில் இட்டுக் கேக்குக்குச் சேர்த்தார்கள். அம்மாவின் தலைமுறைக்கு அது பயிற்சிக்காலம். எங்கள் தலைமுறைக்கு 1990 வந்தது.

அப்போது எனக்கு 11 வயது. மின்சாரம் நின்றது, யாழ்தேவி நின்றது, பற்றரி, சீமெந்து, பெற்றோல் தடைசெய்யப்பட்டன, மண்ணெண்ணெய் பொன்னானது. ஜாம் போத்தலுக்குள் சிறிது எண்ணெயும் திரியும் வைத்த விளக்கில் படித்தோம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதித்து, டைனமோவில் வானொலி கேட்டோம். அந்த ஆண்டுகளில் எங்கள் நத்தார் மடல்கள் எழுதி முடித்த கொப்பிகளின் மட்டையில் பிறந்தன. பால்மாப் பைக்கற்றின் உட்புற வெள்ளித்தாள் நட்சத்திரமாயிற்று. பழைய சேலைக்கரை ரேந்தையாயிற்று. சாயத்துக்குச் செவ்வரத்தம்பூவும் மஞ்சளும் இருந்தன. கேக்குக்கு ஒரு முட்டை கிடைத்தால் போதும். சீனிக்குப் பதில் பனங்கட்டி.

இதை இனிமையான நினைவாக மட்டும் எழுதுவது சரியாகாது. குண்டுவீச்சுக்கு அஞ்சிப் பதுங்குகுழிக்குள் ஓடிய காலமும் அதுதான். மடல் செய்த பிள்ளைகளில் சிலர் அடுத்த மார்கழியில் வகுப்பில் இல்லை. நடுங்கும் கைக்கு ஒரு வேலை வேண்டும் என்பதை எங்கள் ஆசிரியைமார் அறிந்திருந்தார்கள். வானத்தில் சத்தம் ஓய்ந்தபின் வகுப்புக்குத் திரும்பியதும் அவர்கள் முதலில் எடுத்துத் தந்தது ஊசியும் நூலும், அல்லது கத்தரிக்கோலும் தாளும். வைத்தியம் படித்தபின் அதன் அறிவை நான் இன்னும் நன்றாக உணர்கிறேன்.

1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமம் ஒரே இரவில் எழுந்து தென்மராட்சிப் பக்கம் நடந்தது. எங்கள் வீட்டு அலுமாரியில் இருந்த பூத்தையல் மேசைவிரிப்பு, அம்மம்மாவின் பின்னல் ஊசிகள், பல ஆண்டு சேர்த்த மடல்கள் எல்லாம் அங்கேயே தங்கின, திரும்பியபோது ஒன்றுமில்லை. அவ்வாண்டு நத்தாருக்கு, எங்களுக்கு இடம் தந்த வீட்டின் மாலில், தென்னோலை ஈர்க்கிலும் கொப்பித் தாளிலும் ஒரு நட்சத்திரம் கட்டினோம். உள்ளே விளக்கு வைக்கப் பயம், வெறுமனே தொங்கவிட்டோம். அங்கே தங்கியிருந்த ஐந்து குடும்பத்தில் கிறிஸ்தவர் ஒரு குடும்பம்தான். செய்த பொருள்களை இழந்தோம். செய்முறை எங்களோடு நடந்து வந்தது.

இப்போது

2002இல் ஏ9 பாதை திறந்தபோது பிளாஸ்ரிக் மரங்களும் மின்னும் மாலைகளும் வந்தன. அவற்றைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை; இருட்டில் பல வருடம் இருந்த ஊர் வெளிச்சத்தை விலைகொடுத்து வாங்கியது. ஆனால் பத்து நிமிடத்தில் மாட்டிவிடும் அலங்காரத்துக்கு நான்கு பேர் கூடியிருக்கத் தேவையில்லை. இழப்பு அங்கேதான்.

என்னிடம் வரும் முதிய பெண்களில் பலர் குடாநாட்டின் பெண்கள் பாடசாலைகளில் படித்தவர்கள். பிள்ளைகள் நான்கு நாடுகளில். பெரிய வீட்டில் தனியே இருக்கிறார்கள். நத்தாருக்குக் கைத்தொலைபேசியில் முகம் பார்க்கிறார்கள். அழுத்தமும் சீனியும் கட்டுப்பாட்டில் இருந்தும் உண்ண மனமில்லை, உறக்கமில்லை என்பார்கள். முந்தி என்ன செய்வீர்கள் என்று கேட்டால், சங்கிலித் தையல், ரேந்தைப் பின்னல், பூத்தையல் என்று விரலை மடித்துச் சொல்லும்போது முகமே மாறும். காயத்துக்கு இழை போட நான் பழகியபோது என் கைக்கு முன்பே அவ்வேலை தெரிந்திருந்தது இவர்களைப் போன்ற ஆசிரியைமாராலேயே.

1981இல் நம் நூலகம் எரிந்தது. வீட்டு அலுமாரிகள் 1995இல் போயின. ஆகவே எழுதாத வரலாறு இப்போது இந்த முதியவர்களின் விரல்களில் மட்டுமே உள்ளது. சங்கத்தின் நூற்றாண்டில் இரண்டு வேலைகளை முன்வைக்கிறேன். எந்த நாட்டில் இருந்தாலும் உங்கள் வீட்டில் தப்பியிருக்கும் ஒரு கைவேலையைப் படம் பிடித்து, செய்தவரின் பெயர், ஊர், ஆண்டு, பொருள் ஆகியவற்றை எழுதிக் கல்லூரிக்கு அனுப்புங்கள். விடுமுறையில் ஊருக்கு வருபவர்கள் மூன்றாம் தவணையில் ஒரு பின்னேரத்தை ஒதுக்குங்கள். ஊரில் தனித்திருக்கும் மூத்த மாணவி ஒருவரை முச்சக்கர வண்டியில் ஏற்றிக் கல்லூரிக்கு அழைத்து வந்து, இன்றைய பிள்ளைகளோடு ஒரு மேசையில் இருத்துங்கள். சிலாகையும் ரிசுத் தாளும் பசையும் இங்கே நாங்கள் ஆயத்தமாக வைத்திருப்போம்.