வாக்குச்சீட்டும் குடியுரிமைத் தாளும்: சிங்கப்பூர் நகரசபைக் காலத்துத் தமிழர்



தமிழகக் கதைகளைப் படிக்கும் நம் மாணவர்கள் "நகரசபை உறுப்பினர்" என்னும் சொல்லைச் சந்திக்கும்போது, "நம் சிங்கப்பூரில் அப்படி யார் இருக்கிறார், ஐயா?" என்று கேட்பதுண்டு. இன்று அப்படி ஒருவரும் இல்லை. வீவக அடுக்குமாடிகளைப் பராமரிக்கும் நகர மன்றங்கள் உள்ளன. அவற்றை நாடாளுமன்ற உறுப்பினர்கள் வழிநடத்துகின்றனர். ஆயினும் ஒரு காலத்தில் இத்தீவில் நகரசபை இருந்தது. அதற்குத் தேர்தல் நடந்தது. மேயர் இருந்தார். நம் முன்னோர் அதற்கு வாக்களித்தனர். அந்த வரலாற்றை நம் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். அது வெறும் நிர்வாக வரலாறு அன்று. இம்மண்ணில் தமிழர் குடிமக்கள் ஆன வரலாறும் அதனுள் அடங்கியுள்ளது.

பதவிக்கு முன்பே பிறந்த பொதுப்பணி

1819ஆம் ஆண்டு இராஃபிள்ஸுடன் பினாங்கிலிருந்து வந்து இறங்கிய நாராயண பிள்ளையிடமிருந்தே நம் கதையைத் தொடங்க வேண்டும். செங்கற்சூளை வைத்தார், கட்டட வேலைகளை ஒப்பந்தம் எடுத்தார், துணிக்கடை நடத்தினார். 1822இல் அக்கடை தீக்கிரையாயிற்று. அவர் மனம் தளரவில்லை. 1827இல் சவுத் பிரிட்ஜ் சாலையில் மாரியம்மன் கோயில் எழ அவரே காரணராக இருந்தார். புதிதாக வந்தவர்களுக்குத் தங்குமிடமாகவும் அக்கோயில் பயன்பட்டது. அன்று தமிழருக்கு வாக்குரிமையும் இல்லை, உறுப்பினர் பதவியும் இல்லை. ஆயினும் பொதுக்காரியம் நடந்தது.

பின்னர்ச் சிராங்கூன் சாலை வளர்ந்தது. மாட்டு வாணிபமும் சூளைகளும் அங்கே தமிழரை ஈர்த்தன. பஃபலோ சாலை, கெர்பாவ் சாலை என்னும் பெயர்கள் அந்த மாடுகளையும் எருமைகளையும் இன்றும் நினைவூட்டுகின்றன. அருகிலுள்ள வீராசாமி சாலை, மருத்துவராகவும் சமூகத்தில் முன்னணியாளராகவும் விளங்கிய ஒருவரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1905இல் இங்கு வந்த கோவிந்தசாமி பிள்ளை, சிராங்கூன் சாலையில் கடைகளை வளர்த்து, ஈட்டிய செல்வத்தில் பெரும்பகுதியைக் கோயிலுக்கும் அறப்பணிகளுக்கும் வழங்கினார். பெருமாள் கோயில் வளாகத்தில் அவர் பெயரால் அமைந்த திருமண மண்டபத்தை அறியாத தமிழ்க் குடும்பம் இங்கே குறைவு.

தேர்தல் வந்த கதை

நகரின் சாலை, குடிநீர், விளக்கு, வடிகால், சந்தை ஆகியவற்றைக் கவனிக்க 19ஆம் நூற்றாண்டிலேயே நகராண்மை அமைப்பு ஏற்பட்டது. அதில் ஒரு பகுதியினர் வரி செலுத்துவோரால் தேர்ந்தெடுக்கப்பட்டனர். 1913இல் அந்தத் தேர்தலும் நீக்கப்பட்டது. அதன்பின் ஆளுநர் நியமித்தவர்களே ஆணையர்களாக அமர்ந்தனர். சமூகத்தில் செல்வாக்குள்ள சிலர் அழைக்கப்பட்டனர். துறைமுகத்தில் மூட்டை சுமந்தவரையோ, சாலை போட்டவரையோ யாரும் எதுவும் கேட்கவில்லை. நகரைத் துப்புரவாக வைத்திருந்த தொழிலாளர்களில் தமிழர் மிகப் பலர் என்பதை இங்கு நினைவில் கொள்ளுதல் வேண்டும்.

போருக்குப் பின் நிலைமை மாறியது. 1948 மார்ச்சு மாதம் சட்டமன்றத்திற்கு முதல் தேர்தல் நடைபெற்றது. மக்கள் தேர்ந்தெடுத்தது ஆறு பேரை மட்டுமே. பிரிட்டிஷ் குடிகள் மட்டுமே வாக்களிக்கலாம். அதற்கும் தாமே முன்வந்து பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும். ஒரு செய்தி நம்மை வியக்க வைக்கிறது. மக்கள்தொகையில் இந்தியர் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. எனினும் பதிவு செய்த வாக்காளரில் ஏறத்தாழப் பாதிப்பேர் இந்தியர்! சீனாவில் பிறந்தோர் பலருக்கு அன்று வாக்குரிமை இல்லை என்பது ஒரு காரணம். கிடைத்த உரிமையை நம்மவர் தயங்காமல் பயன்படுத்தினர் என்பதும் உண்மை.

1949இல் நகராண்மை ஆணையத்திற்குத் தேர்தல் வந்தது. 27 இடங்களில் 18 இடங்கள் மக்களின் தேர்வுக்கு விடப்பட்டன. 1951 செப்டம்பர் 22 அன்று சிங்கப்பூர் 'நகரம்' என்னும் தகுதியை அரச பட்டயத்தால் பெற்றது. ஆணையம் நகரசபை ஆயிற்று. 1957 டிசம்பர் 21 அன்று நடந்த தேர்தலில் 32 இடங்களும் மக்களால் நிரப்பப்பட்டன. மக்கள் செயல் கட்சியைச் சேர்ந்த ஓங் எங் குவான் மேயரானார்.

அந்த நகரசபையின் முதல் கூட்டம் அமளியில் நடந்தது. குடியேற்ற ஆட்சியின் சின்னம் எனக் கருதப்பட்ட செங்கோல் அகற்றப்பட்டது. மக்களின் குறைகளைக் கேட்கத் தனிப் பிரிவு ஏற்பட்டது. கம்பங்களுக்குப் பொதுக்குழாயும் தெருவிளக்கும் கொண்டு செல்லும் முயற்சி நடந்தது. தமிழாசிரியன் என்ற முறையில் என் மனத்தைத் தொடுவது வேறொன்று. ஆங்கிலம் அறிந்தவருக்கே மன்றத்தில் இடம் என்ற நிலை அங்கே தளர்ந்தது. மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிகளுக்கும் விவாதத்தில் இடம் கிடைத்தது. குழாயடிப் பிரச்சினையைத் தமிழில் சொல்லலாம் என்பது சிறிய செய்தி அன்று! குழாயடியில் வரிசை நிற்பவருக்குத் தெரிந்த மொழி அதுதானே?

அந்தச் சபை நெடுநாள் வாழவில்லை. 1959இல் அதன் பணிகளை அரசாங்கமே ஏற்றுக்கொண்டது. 1963இல் குடிநீர், மின்சாரம், எரிவாயு ஆகிய பொறுப்புகள் பொதுப் பயனீட்டுக் கழகத்திடம் சென்றன. நகர மண்டபக் கட்டடம் இன்று தேசியக் கலைக்கூடத்தின் ஒரு பகுதியாக விளங்குகிறது.

ஒரு பத்திரிகை ஆசிரியரின் நகர்ப்பணி

நகரசபைக் காலத்தில் சிராங்கூன் சாலையிலும் துறைமுகத்திலும் கடற்படைத் தளத்திலும் வாழ்ந்த தமிழரிடம் உரிமை உணர்வை ஊட்டியவர்களுள் முதன்மையானவர் தமிழவேள் கோ. சாரங்கபாணி. 1903இல் திருவாரூரில் பிறந்து, 1924இல் சிங்கப்பூர் வந்து, கணக்கெழுதும் வேலையில் வாழ்வைத் தொடங்கியவர். 1929இல் பெரியார் மலாயா வந்து சென்றபின் சீர்திருத்தப் பணியில் முழுமையாக இறங்கினார். 1932இல் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது. 1935 சூலை 6 அன்று தமிழ் முரசு ஒரு காசு விலையில் வார இதழாக வெளிவந்தது, 1937இல் நாளிதழாயிற்று.

ஒரு நல்ல நகரசபை உறுப்பினர் என்னென்ன செய்வாரோ அவற்றையெல்லாம் அவர் பத்திரிகை மேசையில் அமர்ந்து செய்தார் என்பேன். முதலாவது, பிரிந்து கிடந்தவர்களை ஒன்றுகூட்டியது. 1951இல் தமிழர் பிரதிநிதித்துவ சபை அமைந்தது. மறு ஆண்டு முதல் தைத்திங்களில் தமிழர் திருநாள் கொண்டாடப்பட்டது. இந்து, இசுலாமியர், கிறித்தவர், சாதிவழிச் சங்கத்தினர், சீர்திருத்தவாதிகள் ஆகிய அனைவரும் 'தமிழர்' என்ற ஒரே பெயரில் கூடும் நாளாக அது அமைந்தது. பேச்சு, கட்டுரை, ஆடல், பாடல், விளையாட்டு எனப் போட்டிகள் நடந்தன. இன்று ஏப்ரல் மாதத்தில் தமிழ்மொழி விழாவுக்கு மாணவரை அழைத்துச் செல்லும் நாம், அந்தப் பழைய திருநாளின் வழித்தடத்தில்தான் நடக்கிறோம்.

இரண்டாவது, கல்வி. 1950களின் நடுவில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் துறை அமைக்கப்படவிருந்தபோது, சமற்கிருதத்திற்கு முதலிடமா தமிழுக்கு முதலிடமா என்ற வினா எழுந்தது. தமிழுக்கே என்று முரசு முழங்கியது. "தமிழ் எங்கள் உயிர்" என்ற பெயரில் நிதி திரட்டப்பட்டது. தொழிலாளர்களும் கடைச் சிப்பந்திகளும் தம்மால் இயன்ற சிறுதொகையைத் தந்தனர். பல்கலைக்கழகத்தின் வாயிலையே மிதித்தறியாதவர்கள் அதன் நூலகத்திற்குப் புத்தகம் வாங்கித் தந்தனர்! 1956இல் தமிழை மையமாகக் கொண்டு அத்துறை தொடங்கியது.

இதே காலத்தில் வேறு கைகளும் உழைத்தன. கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1946இல் தொடங்கிய உமறுப்புலவர் தமிழ்ப்பள்ளி, பின்னாளில் உயர்நிலைப்பள்ளியாக வளர்ந்தது. 1982இல் அது மூடப்பட்டது. இன்று பேட்டி சாலையிலுள்ள உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையம் அப்பெயரைக் காத்து வருகிறது.

குடியுரிமை என்னும் பெரிய கேள்வி

மூன்றாவது பணியே மிக முக்கியமானது. 1957இல் சிங்கப்பூர்க் குடியுரிமைச் சட்டம் நிறைவேறியது. அவ்வாண்டின் இறுதியில் பதிவு தொடங்கியது. இங்குப் பிறவாதவர்கள் பதிவு செய்துகொண்டால் குடிமக்கள் ஆகலாம்.

இன்று நமக்கு இது எளிய முடிவாகத் தோன்றலாம். அன்றைய தமிழ்த் தொழிலாளியின் இடத்தில் நின்று பாருங்கள். மனைவி மக்கள் ஊரில் இருக்கின்றனர். மாதந்தோறும் பணம் அனுப்புகிறார். முதுமையில் ஊர் திரும்பி, சொந்த நிலத்தில் கண்மூட வேண்டும் என்பதே அவர் கனவு. தாமாக விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை பெறுபவர் இந்தியக் குடியுரிமையை இழப்பார் என்கிறது இந்திய அரசமைப்பு. ஒரு தாளில் கையெழுத்திட்டால் ஊரே அற்றுப்போகுமோ என்ற அச்சம் இயல்பானதே. சிங்கப்பூர் தனிநாடாகும் என்று அன்று எவரும் உறுதியாகச் சொல்லும் நிலையும் இல்லை.

சாரங்கபாணி "பதிந்துகொள்ளுங்கள்" என்று இடைவிடாது எழுதினார், பேசினார், தொழிலாளர் வேலைசெய்த இடங்களுக்கே சென்று எடுத்துரைத்தார். வாழ்வது இங்கே என்றால் உரிமையும் இங்கே வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. பலர் கேட்டனர். சிலர் தயங்கி விட்டுவிட்டனர்.

அந்தத் தயக்கத்தின் விலை பத்தாண்டுகளுக்குப் பின்தான் தெரிந்தது. 1965இல் சிங்கப்பூர் தனிநாடாயிற்று. குடிமக்கள் அல்லாதோர் வேலைசெய்ய அனுமதி பெற வேண்டும் என்ற சட்டம் வந்தது. 1971 இறுதிக்குள் பிரிட்டிஷ் படைகள் வெளியேறின. செம்பவாங் கடற்படைத் தளத்தையும் பிற தளங்களையும் நம்பி வாழ்ந்த குடும்பங்கள் தவித்தன. குடியுரிமை பெற்றிருந்தவர்கள் வேறு வேலை தேடி, வீவக வீடு வாங்கி, இங்கேயே வேரூன்றினர். பெறாதவர்களுள் பலர் பல்லாண்டு உழைத்த மண்ணைவிட்டுக் கப்பலேறினர். ஒரே கம்பத்தில் அடுத்தடுத்த வீட்டில் வாழ்ந்த இரு குடும்பங்களின் வழி இவ்வாறு பிரிந்தது. ஒரு தாள், ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்.

1959 மே 30 பொதுத்தேர்தலில் வாக்களிப்பது முதன்முறையாகக் கட்டாயமாக்கப்பட்டது. 1956ஆம் ஆண்டு அனைத்துக் கட்சிக் குழுவின் அறிக்கை நான்கு மொழிகளையும் சமமாக நடத்தப் பரிந்துரைத்தது. 1965ஆம் ஆண்டுச் சட்டம் மலாய், மாண்டரின், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கையும் ஆட்சிமொழிகளாக உறுதிசெய்தது. நாடாளுமன்றத்தில் தமிழ் ஒலிக்க இடமிருப்பதும், நம் பள்ளிகளில் தாய்மொழிப் பாடமாகத் தமிழ் இருப்பதும் வானத்திலிருந்து விழுந்த வரங்கள் அல்ல. பல இனத் தலைவர்களின் தொலைநோக்கு அதில் உண்டு. தம்மைக் குடிமக்களாகப் பதிந்துகொண்டு, வாக்களித்து, நிதி தந்து, "நாங்களும் இருக்கிறோம்" என்று காட்டிய எளிய தமிழரின் பங்கும் அதில் உண்டு. தலைவர்களின் பெயர் நூல்களில் உள்ளது; எளியவர்களின் பெயரை நாம்தான் வீட்டில் சொல்லித்தர வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

நகரசபை மறைந்தாலும் அதன் பணி வேறு வடிவங்களில் தொடர்கிறது. 1960இல் மக்கள் கழகம் அமைந்தது. சமூக மன்றங்களில் இந்தியர் நற்பணிச் செயற்குழுக்கள் இயங்குகின்றன. பொங்கல் விழாவுக்கு நாற்காலி அடுக்குபவரும், போட்டிக்கு நடுவராக அமர்பவரும், பரிசுப்பொருள் வாங்க அலைபவரும் ஊதியமின்றி உழைக்கும் தொண்டர்களே. அவர்களுள் ஆசிரியர்களும் பெற்றோர்களும் பலர். இந்த வாசகர்களிலும் சிலர் இருப்பீர்கள்.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு யோசனை. தேக்காவிற்கு மாணவரை அழைத்துச் செல்லும்போது கடைகளையும் கோயில்களையும் காட்டுவதோடு நிறுத்த வேண்டாம். தெருப்பெயர்ப் பலகைகளைப் படிக்கச் சொல்லுங்கள். கேம்பல் லேனில் 2015இல் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையத்தில் சிறிது நேரம் செலவிடுங்கள். தேசிய நூலக வாரியத்தின் இணையத்தளத்தில் தமிழ் முரசின் பழைய இதழ்கள் உள்ளன. 1957ஆம் ஆண்டு இதழ் ஒன்றை உயர்நிலை மாணவர்களுடன் சேர்ந்து படியுங்கள். அக்காலத் தமிழ் நடையும் அக்காலக் கவலையும் ஒருங்கே தெரியவரும்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். இவ்வார இறுதியில் தாத்தா பாட்டியை அருகில் அமர்த்தி, "நம் குடும்பம் எப்போது குடியுரிமை பெற்றது? யார் முடிவெடுத்தார்? ஏன்?" என்று பிள்ளைகளைக் கேட்கச் சொல்லுங்கள். அண்மையில் குடியேறிய குடும்பமாயின் உங்கள் கதையையே சொல்லுங்கள். அந்த முடிவு உங்களுக்கும் எளிதாக இருந்திராது. கிடைக்கும் விடையைப் பிள்ளை தன் கையால் தமிழில் பத்து வரி எழுதட்டும். பழைய சான்றிதழ் அலமாரியில் இருந்தால் எடுத்துக் காட்டுங்கள். மங்கிய மையில் அதன்மேல் ஒரு கையெழுத்து இருக்கும். சிலவற்றில் பெருவிரல் ரேகை இருக்கும்.

அன்புடன்,
உங்கள் தமிழாசிரியன்