மண்ணும் புகையும் காத்த நகரம்

ஜெர்மனியின் தென்பகுதியான பவேரியாவில், நூரம்பெர்க்கிலிருந்து ரயிலேறினால் ஒரு மணி நேரத்துக்குள் சென்றடையக்கூடிய பாம்பெர்க் என்னும் சிறு நகரத்துக்கு வருகிற பிரயாணிகளில் பெரும்பாலோர், ரயிலைவிட்டு இறங்கியதும், குன்றின்மேல் நான்கு கோபுரங்களோடு நிற்கும் பேராலயத்தை நோக்கியே விரைகிறார்கள். அதில் குற்றம் ஒன்றுமில்லை. இரண்டாம் ஹைன்ரிஹ் மன்னர் 1007ஆம் ஆண்டில் இங்கே ஒரு மேற்றிராசனத்தை ஸ்தாபித்ததிலிருந்துதான் இந்நகரத்தின் பெருமை தொடங்குகிறது. இன்று நாம் காணும் ஆலயம் 1237இல் அபிஷேகம் செய்யப்பெற்றது. ஆயினும் ஒருநாள் முழுவதையும் நிதானமாக உண்டும் பார்த்தும் கழிக்கவேண்டும் என்ற எண்ணத்தோடு வருகிறவர், ஆலயத்தை மாலைக்கு ஒதுக்கிவிட்டு, நிலையத்தின் பக்கத்திலேயே இருக்கும் தோட்டக்காரர் பேட்டையில் தம் நடையைத் தொடங்குவதே முறை என்பேன். அரசர்களும் ஆயர்களும் விட்டுச்சென்ற சரித்திரம் கல்லில் இருக்கிறது. அவர்களுக்குச் சோறிட்டவர்களின் சரித்திரம் இந்த ஊரில் இன்னும் மண்ணிலும் அடுப்பிலும் உயிரோடு இருக்கிறது.

ரெக்னிட்ஸ் ஆற்றின் கீழ்க்கரையில் உள்ள இந்தப் பேட்டையின் தெருக்களை முதலில் பார்ப்பவருக்கு விசேஷமாக ஒன்றும் தோன்றாது. தாழ்ந்த வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டித் தெருவை நோக்கி நிற்கும். ஒவ்வொன்றிலும் வீட்டின் அளவுக்குப் பொருந்தாத அகலத்தில் ஒரு மரக்கதவு இருக்கும். அந்தக் கதவு வண்டி போவதற்காக ஏற்பட்டது. அது திறந்திருக்கும் வேளையில் உள்ளே எட்டிப்பார்த்தால், நடையும் முற்றமும் கடந்து, வீட்டின் அகலமே தன் அகலமாக, நீண்ட ஒரு காய்கறித் தோட்டம் பின்னால் ஓடுவதைக் காணலாம். இப்படி வீட்டுக்கு வீடு ஓடும் பாத்திகளெல்லாம் சேர்ந்து, நான்கு தெருக்களின் நடுவே, வெளியிலிருந்து ஒருவரும் ஊகிக்க முடியாத ஒரு வயல்வெளியாகிவிடுகின்றன. ஆறு கொண்டுவந்து படியவைத்த மணற்பாங்கான இலேசான மண், வசந்தத்தில் சீக்கிரம் சூடேறி விதைப்புக்குத் தயாராகிவிடும். ஆகவே மத்திய காலத்தின் பிற்பகுதியிலிருந்தே இங்கே காய்கறிப் பயிர் ஒரு குலத்தொழிலாக வேரூன்றியது. இந்தத் தோட்டக்காரர்கள் தமக்கென்று ஆன்மிகச் சங்கங்களை அமைத்துக்கொண்டு, தங்கள் காவலரான புனித செபஸ்தியாருக்கு ஜனவரி மாதத்துக் குளிரில் ஊர்வலம் எடுத்தார்கள்; அந்த ஊர்வலம் நாளது வரையிலும் நடைபெறுகிறது.

அவர்கள் பயிரிட்டவற்றுள் நம்மவருக்கு வியப்பூட்டக்கூடியது அதிமதுரம். இருமலுக்கும் தொண்டைக்கட்டுக்கும் நம் வீடுகளில் இழைத்துக் கொடுக்கும் அதே வேர்தான். ஸ்வைட்லர் என்பவர் 1602இல் வரைந்த பாம்பெர்க் நகரப் படத்தில், கட்டடங்களோடு இந்தச் செடியும் இடம்பெற்றிருக்கிறது. நகரத்தின் அடையாளங்களுள் ஒன்றாகக் காட்டும் அளவுக்கு அதன் கீர்த்தி பரவியிருந்தது. மணலுக்குள் ஆழமாகவும் பக்கவாட்டில் நெடுந்தூரமும் ஓடும் அந்த வேரை ஒடியாமல் முழுதாகத் தோண்டியெடுப்பது எளிய காரியமன்று. தோட்டக்காரரிடம் தொழில் பழகிய இளைஞனுக்கு அதுவே பரீட்சையாக இருந்தது என்று இங்கே வழிவழியாகச் சொல்லிவருகிறார்கள். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அடியோடு நின்றுபோன இந்தப் பயிரை, இந்த நூற்றாண்டில் உள்ளூர் ஆர்வலர்கள் மீண்டும் பயிர்செய்யத் தொடங்கியிருக்கிறார்கள்.

வெங்காயமோ இந்த ஊராருக்கு ஒரு பட்டப்பெயரையே வாங்கிக்கொடுத்தது. கோடையில் வெங்காயத்தாள் செழித்து வளரும்போது, சத்து முழுவதும் தாளுக்கே போய்விடாமல் கிழங்கில் இறங்கவேண்டும் என்பதற்காக, தோட்டக்காரர்கள் பாதங்களில் பலகைகளைக் கட்டிக்கொண்டு பாத்தியின்மேல் நடந்து தாள்களை மிதித்துச் சாய்ப்பார்கள். ஆகவே வெங்காயம் மிதிப்பவர்கள் என்று அயலூரார் இவர்களை அழைத்தார்கள். இவர்களும் அதை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டார்கள். அவ்வாறு பருத்த வெங்காயத்தின் உள்ளே குடைந்து, கொத்திய பன்றியிறைச்சியைத் திணித்து, மேலே ஓர் உப்பிறைச்சித் துண்டை வைத்து, அடுப்பில் வேகவைத்துப் பரிமாறுவது இந்நகரத்துக்கே உரிய பதார்த்தம். கத்தியை வைத்தவுடனே அடுக்கடுக்காகப் பிரிந்து விழும் அதன் இதழ்கள், காரமெல்லாம் நீங்கித் தித்திப்பாகவே மாறியிருக்கும். சுற்றிலும் ஊற்றிய பழுப்புநிறச் சாற்றில் ஒரு புகைவாசனை எழும். அந்தப் புகையின் மூலத்தைப் பின்னர் சொல்கிறேன்.

பாம்பெர்கர் ஹோர்ன்லா என்னும் உருளைக்கிழங்கும் இவ்வூர் மண்ணின் பேறுதான். விரல் நீளத்தில் கொம்புபோல் வளைந்து, உள்ளே மஞ்சளாக, மெழுகுப் பதத்தில் இருக்கும் இந்தக் கிழங்கு சுவையில் உயர்ந்ததாயினும் விளைச்சலில் குறைந்தது; அதன் கோணல் உருவம் இயந்திர அறுவடைக்கும் இணங்காது. இந்த இரண்டு காரணங்களாலும் ஏறக்குறைய மறைந்துபோகும் நிலைக்கு வந்த அதனை, சில உழவர்களும் தோட்டக்காரர்களும் விதை தப்பாமல் காப்பாற்றி வைத்தார்கள். 2008இல் ஜெர்மனியில் அவ்வாண்டின் உருளைக்கிழங்காக அது தேர்ந்தெடுக்கப்பட்டது. லாபம் தராத ஒரு பொருளைச் சுவைக்காகவே காத்து நின்ற அந்த எளிய மனிதர்களை நினைக்கும்போது என் மனம் நன்றியால் நிறைகிறது.

1844இல் நூரம்பெர்க்கிலிருந்து ரயில்பாதை வந்து சேர்ந்தது. இவ்வூர்க் காய்கறி வெளியூர் போவதற்கு வழிசெய்த அதே பாதைதான், நாளடைவில் வெளியூர்க் காய்கறி மலிவாக உள்ளே வருவதற்கும் இடங்கொடுத்தது. தோட்டக் குடும்பங்கள் படிப்படியாகக் குறைந்தன. ஆயினும் இரண்டாம் உலகப்போரில் நகரம் பெரும்பாலும் சிதையாமல் தப்பியது. 1993இல் யுனெஸ்கோ இதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது, ஆலயமும் அரண்மனையும் நிற்கும் குன்றுநகரத்தோடும், ஆற்றின் நடுவிலுள்ள தீவுநகரத்தோடும், இந்தத் தோட்டக்காரர் பேட்டையும் சமமாகச் சேர்க்கப்பட்டது. மிட்டெல் தெருவில் ஒரு பழைய தோட்டக்காரர் வீட்டை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு ஆற்றைக் கடந்து பச்சைச் சந்தைக்குப் போனால், வீட்டுப் பின்புறம் கண்ட கீரையும் முள்ளங்கியும் அங்கே விலைக்கு இருக்கக் காணலாம்.

இனிப் புகையைப் பற்றிச் சொல்லவேண்டும்; வெங்காயச் சாற்றில் அது ஏறுவது இவ்வூர்ப் பீரிலிருந்துதான். பார்லியை நனைத்து முளைகட்டிய பின் அந்த முளை மேலும் வளராதபடி உலர்த்தினால்தான் பீர் வடிக்கமுடியும். பழங்காலத்தில் விறகு நெருப்பின்மேல் உலர்த்தினார்கள். புகை தானியத்தினூடே சென்று, பானத்திலும் ஏறியது. அக்காலத்து ஐரோப்பாவில் பெரும்பகுதி பீருக்குப் புகைவாசனை இருந்திருக்க வேண்டும். நெருப்பின் புகையை விலக்கி, சூடான காற்றை மட்டும் செலுத்தும் உலைகள் வந்தபிறகு மற்ற ஊர்களில் பெரும்பாலானவை அந்த வாசனையைக் கைவிட்டன. பாம்பெர்க்கில் ஷ்லெங்கர்லா, ஷ்பெட்சியால் என்னும் இரண்டு வடிசாலைகள் விடாமல் பழைய வழியிலேயே நின்றன. முதலாவதைப் பற்றிய குறிப்பு 1405இலும், மற்றதைப் பற்றியது 1536இலும் கிடைக்கிறது. இன்றும் அவை பீச் மரவிறகின் நெருப்பில்தான் பார்லியை உலர்த்துகின்றன.

ஷ்லெங்கர்லா விடுதி பேராலயத்தின் அடிவாரத்திலுள்ள பழைய மரச்சட்ட வீடு. அங்கே மரப்பீப்பாயிலிருந்து கறுப்புக்கு அருகான பழுப்பு நிறத்தில் வடியும் பானம், முதல் மிடறில் புகையூட்டிய இறைச்சியையே நினைப்பூட்டும். முதற் குவளையில் அதன் அருமை தெரியாது என்று உள்ளூரார் சொல்வதில் உண்மை உண்டு. கூட்டத்தை விரும்பாதவர் ஆற்றின் கீழ்க்கரையில், கோனிக் தெருவிலுள்ள ஷ்பெட்சியாலுக்குப் போகலாம். அதன் புகை மென்மையானது. பீர் குடிக்க விரும்பாதவருக்கும் அந்த வெங்காயமும், மணிக்கணக்கில் வெந்து மேல்தோல் மொறுமொறுக்கும் பன்றித் தோள்கறியும் உண்டு. இறைச்சியும் வேண்டாதவர் ஹோர்ன்லாக் கிழங்கையும் சந்தைக் கீரையையும் கொண்டு நிறைவாகவே உண்ணலாம். மால்ட் என்னும் முளைதானியமும் ஹாப்ஸ் பூவும் நீரும் தவிர வேறொன்றும் பீரில் சேரலாகாது என்று இந்நகரத்தின் ஆயர்-அரசர் ஹைன்ரிஹ் குரோஸ் 1489இல் கட்டளை பிறப்பித்தார். பீரின் தூய்மைக்காக உலகப் பிரசித்தி பெற்ற பவேரியச் சட்டமோ 1516இல்தான் வந்தது. உள்ளூரார் இந்த 27 ஆண்டு முந்துரிமையை விட்டுக்கொடுப்பதில்லை.

குளிர்சாதன இயந்திரம் வருவதற்குமுன், பீரைக் கோடையிலும் கெடாமல் வைப்பதற்கு, ஷ்டெஃபான்ஸ்பெர்க் முதலிய குன்றுகளின் மணற்பாறைக்குள் தோண்டிய சுரங்கங்களை உபயோகித்தார்கள். பாறை வெயிலில் காயாதிருக்க மேலே நிழல்மரங்களை வளர்த்தார்கள். அந்த நிழலில் மேசையிட்டு, கீழிருந்து எடுத்த பானத்தை அங்கேயே விற்கும் வழக்கம் தானாக ஏற்பட்டது. மாலை வேளையில் ஆலயத்தைத் தரிசித்துவிட்டுக் குன்றேறினால், குடும்பம் குடும்பமாக ஜனங்கள் அங்கே உட்கார்ந்து ரொட்டியும் பாலாடைக்கட்டியும் உண்பதைக் காணலாம். அந்த மேசைகளிலிருந்து நகரத்தின் ஓட்டுக் கூரைகள் முழுவதும் தெரியும்.

நாளைத் தேர்ந்தெடுப்பதில் சற்று யோசனை வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கடைகள் அடைத்திருக்கும், சந்தையும் இராது. குன்றின்மேல் உட்கார விரும்புகிறவருக்குக் கோடைக்காலமே உகந்தது. அஸ்பராகஸ் என்னும் வெள்ளைத் தண்ணீர்விட்டான் தண்டு சந்தைக்கு ஏப்ரலில் வரத்தொடங்கி, ஜூன் 24ஆம் தேதி புனித யோவான் திருநாளோடு நின்றுவிடும். ஹோர்ன்லாக் கிழங்கை விரும்புகிறவர் இலையுதிர்காலம் வரையில் பொறுத்துப் போகவேண்டும். வசந்தத்தில் போய் அதைக் கேட்டால் கிடைப்பது அரிது.