டிவிப்பெட்டிக்குள் ராக் அண்ட் ரோல்: கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் கொசுவத்தி

எங்கள் ஆபீஸில் 2000க்கு அப்புறம் பிறந்த பசங்க நிறையப் பேர். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒருத்தன் போனில் பீட்டில்ஸ் பார்த்துக்கொண்டிருந்தான். 1964, கறுப்பு வெள்ளை, எட் சல்லிவன் ஷோ. பாட்டு மட்டும் கேட்க ஆயிரம் வழி இருக்க, அறுபது வருஷப் பழசு டிவி நிகழ்ச்சியை எதுக்குடா பார்க்கிறாய் என்றேன். "அவங்க வாசிக்கிறதைப் பாருங்கண்ணா" என்றான்.

விஷயமே அதுதான் என்று நினைக்கிறேன்.

1957 ஜனவரி 6ஆம் தேதி எல்விஸ் பிரெஸ்லி அதே எட் சல்லிவன் நிகழ்ச்சியில் பாடியபோது, கேமராவை இடுப்புக்குக் கீழே இறக்கவே இல்லை. ரேடியோவில் நூறு தடவை கேட்டாலும் தெரியாத ஒன்று டிவியில் தெரிந்துவிடுமே என்ற பயம்! அதே வருஷம் ஆகஸ்டில், பிலடெல்பியாவில் உள்ளூர் நிகழ்ச்சியாக ஓடிக்கொண்டிருந்த 'அமெரிக்கன் பேண்ட்ஸ்டாண்ட்' நாடு முழுக்கப் போனது. ஸ்டூடியோவில் பள்ளிக்கூடத்துப் பசங்க ஆட, வீட்டில் இருந்தவர்கள் அதைப் பார்த்து ஆடப் பழகினார்கள். 1964 பிப்ரவரி 9 அன்று பீட்டில்ஸைப் பார்த்தவர்கள் சுமார் 7.3 கோடிப் பேர். அதைப் பார்த்துத்தான் தானும் ஒரு பேண்ட் வைக்கலாம் என்று தோன்றியதாக டாம் பெட்டி பிற்பாடு சொல்லியிருக்கிறார். (பேண்ட்ஸ்டாண்டில் வந்தவர்கள் பெரும்பாலும் ரெக்கார்டுக்கு வாயசைத்தவர்கள்தான். ஆனால் அசைந்தது பாடினவர் வாய்.)

இப்போது நம் பக்கம் வருவோம். சென்னைத் தொலைக்காட்சி ஆரம்பித்தது 1975 ஆகஸ்ட் 15. நம்ம பாட்டு நிகழ்ச்சி என்றால் வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்'. எங்கள் தூத்துக்குடித் தெருவில் டிவி இருந்த வீட்டு வாசலில் அன்றைக்குச் செருப்பு வைக்க இடம் கிடைக்காது. 'பயணங்கள் முடிவதில்லை' 1982ல் வந்த படம். அதில் 'இளைய நிலா' போட்டால் வீடே அமைதியாகிவிடும். பார்த்தது மோகனை. கேட்டது எஸ்.பி.பி.யை. அந்த கிடாரை வாசித்தவர் சந்திரசேகர் என்று எனக்குத் தெரிந்தபோது நான் பெங்களூர் வந்து பொட்டி தட்ட ஆரம்பித்திருந்தேன். ஒரு தலைமுறையே அந்த கிடாரில் மயங்கியது, ஆனால் வாசித்த விரலைப் பார்த்ததில்லை. கிடார் என்பது ஹீரோ மாட்டிக்கொள்ளும் ஒரு பொருள், அவ்வளவுதான்.

1991ல் ஸ்டார் டிவியோடு எம்டிவி இங்கே இறங்கியது. கேபிள்காரர் தயவில் அமெரிக்க பேண்டுகள் வீட்டுக்குள் வந்தன. 1994ல் ஸ்டாரும் எம்டிவியும் பிரிய, அந்த இடத்துக்கு சேனல் வி வந்தது. 1996ல் எம்டிவி தனியாகத் திரும்பி வந்து, கொஞ்ச நாளில் இந்தி சினிமாப் பாட்டுக்கு மாறிக்கொண்டது. நாம் யார், நம்ம மார்க்கெட் எது என்று அவர்களுக்குப் புரிந்துவிட்டது போல.

பெங்களூருக்கு இந்த விஷயத்தில் ஒரு முன்கதை உண்டு. கண்டோன்மென்ட் பக்கத்துக் குடும்பங்கள், கல்லூரி விழாக்கள், பிரிகேட் ரோடு பப்கள் என்று ராக் இசை டிவிக்கு முன்னாலேயே இங்கே குடியேறியிருந்தது. 2007 மார்ச் 17 அன்று அரண்மனை மைதானத்தில் அயர்ன் மெய்டன் வாசித்தபோது அசாமிலிருந்தெல்லாம் ரயிலேறி வந்தவர்களைப் பார்த்தேன். ஆனால் அது டிக்கெட் வாங்கினவர்களின் உலகம். ஊரில் இருக்கிற அம்மாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சம்பந்தம் வந்ததும் அதே வருஷம்தான். சன் டிவியில் 'ஊ லலலா' என்று பேண்டுகளுக்கான ஒரு போட்டி. அதில் ஏ.ஆர்.ரஹ்மான் நடுவராக இருந்து, சிறந்த பேண்ட் என்று வென்றது 'அகம்'. 2003ல் ஆரம்பித்த பெங்களூர் பேண்ட். பகலில் ஆணி பிடுங்கிவிட்டு ராத்திரி ஒத்திகை பார்க்கும் கோஷ்டி. ஹரீஷ் சிவராமகிருஷ்ணன் பாடுவார், வயலினும் உண்டு. பின்னால் டிரம்ஸ் அதிரும், எலெக்ட்ரிக் கிடார் உறுமும், நடுவில் கர்நாடக ராகம். அம்மா போனில் கேட்டாள்: "கச்சேரிதானடா? உக்காந்து பாடினா என்ன?" ஆனால் சேனலை மாற்றவில்லை. "அந்த டிரம்ஸ் அடிக்கிற பையன் கையைப் பாத்தியா" என்றும் கேட்டாள். இருபது வருஷம் ஒளியும் ஒலியும் பார்த்தவள், வாசிக்கிறவன் கையைப் பற்றிப் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன்.

அப்போது என்னோடு ரூமில் இருந்த சேலத்துக்காரன் கிடாரைக் கட்டிலுக்கடியில் வைத்திருப்பான். அவன் அப்பா வரும் நாளில் அது பக்கத்து ரூமுக்குப் போய்விடும். அவரைப் பொறுத்தவரை கிடார் என்றால் படிப்பைக் கெடுத்துக்கொண்டவன் கையில் இருப்பது. அந்த வருஷ தீபாவளிக்கு முன் வந்தவர், "நீயும் ஏதோ வாசிப்பியாமே, அந்த டிவியில வர்ற பசங்க மாதிரி" என்று அவராகவே கேட்டார். பக்கத்து ரூமுக்கு ஓடியது நான்தான். அவன் வாசித்தது சுமார்தான். அவர் பாராட்டவெல்லாம் இல்லை, "தந்தி என்ன விலை?" என்று விசாரித்தார். அடுத்த தடவை அவர் வந்தபோது கிடார் சுவரில் தொங்கியது.

அகம் 2012ல் எம்டிவியின் கோக் ஸ்டூடியோவிலும் வாசித்தது. அந்த வகை நிகழ்ச்சிகளில் கேமரா ஒவ்வொரு கருவியாகப் போய் நின்று பார்க்கும். எனக்கு அதுதான் பிடிக்கும். பிபிசியின் 'டாப் ஆஃப் தி பாப்ஸ்' 1964ல் தொடங்கி 2006ல் வாராந்திர ஒளிபரப்பை நிறுத்தியது. பிறகு 2011லிருந்து பழைய எபிசோடுகளையே மறு ஒளிபரப்பு செய்தார்கள், அதற்கும் ஆள் இருந்தது. சேனல் வி மட்டும் 2018ல் இந்தியாவில் மூடப்பட்டது. யாரும் பெரிதாக அழுததாகத் தெரியவில்லை.

இப்போது தமிழ் சேனல்களில் பாட்டுப் போட்டிக்குக் குறைவில்லை. பாடுகிற குழந்தை அழும், நடுவர் அழுவார், பெற்றோர் அழுவார்கள். எல்லாவற்றுக்கும் குளோசப் உண்டு. பின்னால் இருட்டில் ஏழெட்டுப் பேர் பிரமாதமாக வாசித்துக்கொண்டிருப்பார்கள், டிரம்ஸ்காரர் கண்ணாடிக் கூண்டுக்குள். அவர்களுக்கு இரண்டே விநாடி. அந்தக் கேமராவைக் கொஞ்சம் பின்னால் திருப்புங்க சாமி, எங்கம்மா பார்த்துக்கொண்டிருக்கிறாள்.