கார்ட்டனும் கார்ட்டூனும்

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊர் மளிகைக் கடையில் ஒரு சரக்குப் பட்டியலைப் பார்க்க நேர்ந்தது. 'சோப்பு, 12 கார்ட்டூன்' என்று அதில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அருகில் நின்ற கல்லூரி மாணவர் சத்தமாகச் சிரித்துவிட்டார். எழுதிய பையனின் முகம் வாடிவிட்டது. அட்டைப் பெட்டி 'கார்ட்டன்'. கேலிச் சித்திரம் 'கார்ட்டூன்'. பையன் ஓர் 'ஓ' எழுத்தைக் கூடுதலாகப் போட்டுவிட்டான். பிழைதான், ஆனால் சிரிக்கத்தக்க பிழையன்று. ஏனெனில் இரண்டும் பிறப்பால் ஒரே சொல்.

பண்டை எகிப்தியர் பாப்பிரஸ் என்னும் ஒருவகைக் கோரையிலிருந்து எழுதும் தாள் செய்தனர். அத்தாளைக் கிரேக்கர் 'கார்த்தேஸ்' என்றனர். இலத்தீனில் அது 'கார்த்தா' ஆயிற்று. இத்தாலியரும் அவ்வாறே வழங்கினர். இத்தாலிய மொழியில் பெயரின் ஈற்றில் 'ஓனே' சேர்ந்தால் பெரியது என்று பொருள். எனவே 'கார்த்தோனே' என்றால் பெரிய, தடித்த தாள்.

அக்கால ஓவியர் சுவரில் தீட்ட வேண்டிய படத்தை முதலில் இத்தாளில் முழு அளவில் வரைவார்கள். கோடுகள் நெடுக ஊசியால் துளையிட்டு, கரித்தூளைத் தட்டினால் படம் சுவரில் புள்ளிகளாக விழும். நம் வீட்டில் துளையிட்ட தகட்டை வைத்துக் கோலமாவு தூவுவதில்லையா, அதைப் போல! நாளடைவில் தாளின் பெயர் படத்துக்கு ஆகிவந்தது. 17-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலம் இதை ஏற்றது. பலூன், சலூன் ஆகிய சொற்களைப் போலவே இதன் ஈறும் 'ஊன்' என நீண்டது. 1843-இல் லண்டன் நாடாளுமன்றக் கட்டடத்துக்கான சுவரோவிய மாதிரிகள் காட்சிக்கு வைக்கப்பட்டன. ஏழைகள் பசித்திருக்க இந்த ஆடம்பரமா என்று 'பஞ்ச்' இதழ் ஒரு கிண்டல் படம் வெளியிட்டு, அதையும் 'கார்ட்டூன்' என்றே அழைத்தது. கேலிப் பொருள் வந்தது அப்போதுதான்.

19-ஆம் நூற்றாண்டில் அதே சொல்லை ஆங்கிலம் பிரெஞ்சிலிருந்து மறுபடியும் வாங்கியது. இம்முறை ஒரே 'ஓ'. அழுத்தம் முதலசையில் விழுவதால் பின்னசை மெலிந்து, 'கார்ட்ன்' என்பது போல் ஒலிக்கும். கார்ட்டூனிலோ அழுத்தம் கடைசி அசையில். முதலில் அட்டையை மட்டும் குறித்த சொல், பிறகே பெட்டியைக் குறித்தது.

பெட்டி பெருகியதற்கும் ஒரு பிழையே காரணம். 1879-இல் இராபர்ட் கேர் என்பவரின் அச்சகத்தில் விதைப் பைகள் தயாராகிக்கொண்டிருந்தன. தாளை மடிப்புக்காக அழுத்த வேண்டிய உலோகப் பட்டை நகர்ந்து, பைகளை வெட்டிவிட்டது. வேறொருவராயிருந்தால் தொழிலாளியைத் திட்டியிருப்பார். கேரோ, வெட்டுவதையும் மடிப்புக் கோடு பதிப்பதையும் ஒரே அழுத்தில் செய்யலாமே என்று எண்ணினார். மடித்தால் பெட்டியாகும் அட்டைகள் இயந்திரத்தில் குவியத் தொடங்கின.

நமக்கும் இச்சொல் புதிதன்று. 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் இந்தியப் பெருங்கடலில் கப்பல்களுக்குக் 'கர்த்தாஸ்' என்னும் அனுமதிச் சீட்டு கொடுத்தனர். சீட்டில்லாத கப்பலைப் பறித்துக்கொண்டனர். நம் 'கடுதாசி' அச்சொல்லிலிருந்து வந்தது என்பர் அகராதியாளர். இலங்கைத் தமிழர் தாளைக் 'கடதாசி' என்றே அழைக்கின்றனர்.