செவ்வாய்வரை சென்ற சிறு பேழைகள்

வானாராய்ச்சியின் வரலாறு பெரும்பாலும் பெருங்கலங்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஆயினும், அவ்வாராய்ச்சி தோன்றிய காலத்திலேயே சிறு கலங்களும் தோன்றிவிட்டன. 1957ஆம் ஆண்டு ஒக்டோபர் 4ஆந் திகதி சோவியத்து ஒன்றியம் ஏவிய முதற் செய்மதியாகிய ஸ்புட்னிக் 83.6 கிலோகிராம் நிறையுடையது. சில மாதங்களின் பின், 1958 மார்ச்சு 17இல் ஐக்கிய அமெரிக்கா ஏவிய வான்காட் 1 என்னுஞ் செய்மதியோ ஏறத்தாழ ஒன்றரைக் கிலோகிராமே இருந்தது. சோவியத்துத் தலைவர் குருசேவ் அதனை ஒரு பழத்துக்கு ஒப்பிட்டு நகையாடினார். எனினும், சூரியமின்கலங்களைக் கொண்டு இயங்கிய முதற் செய்மதி அதுவே. 1964ஆம் ஆண்டுவரை அது சைகைகளை அனுப்பியது. அதன் குரல் அடங்கிப் பல்லாண்டுகள் கழிந்தும் அது இன்றும் பூமியை வலம்வருகின்றது.

ஆனால், பிற கோள்களை நோக்கிச் சென்ற கலங்கள் ஆண்டுதோறும் பருத்தே வந்தன. 1965இல் செவ்வாயை அணுகிப் படம்பிடித்த மரினர் 4 ஏறத்தாழ 261 கிலோகிராம் நிறையுடையது. 1997இற் சனிக்கோளை நோக்கிப் புறப்பட்ட கசினியோ எரிபொருளுடன் 5,700 கிலோகிராமிற்கும் மேற்பட்டது. இவ்வளர்ச்சிக்குக் காரணம் தெளிவு. கோட்பயணத்துக்கான வாய்ப்பு அரிதாகக் கிட்டுவது. ஆகவே, கிட்டிய ஒரு கலத்திலேயே எல்லா உபகரணங்களையும் ஏற்ற விஞ்ஞானிகள் விரும்பினர். அக்கலம் பழுதுற்றால் ஒரு தலைமுறையின் உழைப்பே வீணாகும். ஆகவே, உறுப்புக்கள் இரட்டிக்கப்பட்டன, சோதனைகள் பெருகின. செலவு மிகுந்தமையால் அச்சம் மிகுந்தது. அச்சம் மிகுந்தமையாற் செலவு மேலும் மிகுந்தது. இச்சுழலிலிருந்து மீளும் வழியே சிறு செய்மதியின் வரலாற்றில் நாம் காண்பது.

அவ்வழி அரசினரின் பெருஞ்சாலைகளிற் பிறந்ததன்று. 1961ஆம் ஆண்டு டிசெம்பர் 12இல், ஓர் ஏவுகலத்திற் சமநிலைக்கென வைக்கப்படும் பாரத்தின் இடத்தில், வானொலி ஆர்வலர் சிலர் தாமே அமைத்த ஒஸ்கார் 1 என்னுஞ் செய்மதி இடம்பெற்றது. மோர்சுக் குறியீட்டில் ஒரு சிறு வாழ்த்துச் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்வதே அதன் பணி. பிறர் கலத்தில் எஞ்சிய இடத்தைப் பயன்படுத்தும் வழக்கம் இவ்வாறு தொடங்கிற்று.

1999இல் ஸ்ரான்போட் பல்கலைக்கழகப் பேராசிரியர் பொப் ருவிக்ஸ் என்பாரும், கலிபோர்ணியாப் பல்தொழினுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யோர்டி புயிக்-சுவாரி என்பாரும் இவ்வழக்கத்துக்கு ஓர் ஒழுங்கை வகுத்தனர். மாணவர் தம் கல்விக் காலத்துக்குள்ளேயே ஒரு செய்மதியை அமைத்து முடித்தல் வேண்டும் என்பது அவர்தம் நோக்கம். பொம்மைகளை வைத்து விற்கும் பிளாத்திக்குப் பெட்டியொன்று ருவிக்ஸின் கருத்தைக் கவர்ந்ததாம். பக்கமொன்று 10 சதமமீற்றர் கொண்ட சதுரமுகி, ஏறத்தாழ ஒரு கிலோகிராம் நிறை என அளவு வரையறுக்கப்பட்டது. ‘கியூப்சற்’ எனப்படும் இச்சதுரமுகிச் செய்மதியின் சிறப்பு அதன் சிறுமையிலன்று, அதன் பொதுவளவிலேயே உள்ளது. எந்நாட்டார் அமைத்த பேழையும் ஒரே வகைக் கூட்டில் அடங்கும். அக்கூடு எந்த றொக்கற்றிலும் ஏறும். 2003ஆம் ஆண்டு யூன் 30இல் உருசியாவின் பிளெசெற்ஸ்க் தளத்திலிருந்து முதற் கியூப்சற்றுக்கள் ஏவப்பட்டன. அவற்றுள் யப்பானிய மாணவர் அமைத்த செய்மதிகளும் இருந்தன.

இவையாவும் பூமியின் அருகே சுழன்றவை. கோள்களுக்கிடையே செல்லும் பேழைக்கு நேரும் இடர்ப்பாடுகள் வேறு. பூமிக்கருகே செல்லும் செய்மதி புவியின் காந்தப்புலத்தைப் பற்றித் தன்னைத் திருப்பிக்கொள்ளும். ஆழ்வெளியில் அப்பற்றுக்கோடு இல்லை. உள்ளே சுழலும் சக்கரங்களாற் கலத்தைத் திருப்பலாம்; ஆனால், சூரியவொளியின் மெல்லிய தள்ளுகையால் அச்சக்கரங்களிற் சேரும் உந்தத்தைக் களைய வாயுப்பீச்சு வேண்டும். தூரம் இருமடங்கானால் வானொலியலையின் வலு நான்கிலொன்றாகும். செவ்வாயினருகே சூரியவொளியின் வலு பூமியிற் கிடைப்பதிற் பாதிக்கும் குறைவே. இவ்வளவு குறைகளையும் ஒரு சிறு பேழைக்குள் ஈடுசெய்தல் இயலுமா என்பதே பொறியியலாளர் முன் நின்ற வினா.

அவ்வினாவுக்கு விடையாக, கலிபோர்ணியாவிலுள்ள நாசாவின் தாரைச் செலுத்துகை ஆய்வுகூடத்தார் மார்கோ என்னும் இரட்டைச் செய்மதிகளை அமைத்தனர். ஆறு சதுரமுகிகளின் அளவுடைய ஒவ்வொன்றும் 13.5 கிலோகிராம் நிறையுடையது. கையிற் கொண்டுசெல்லும் பெட்டியளவே பருமனுடையது. பேழைக்குள் அடங்காத கிண்ணவடிவ அன்ரனாவுக்கு மாற்றாக, தட்டையான பலகைகளை மடித்து வைத்தனர். அவற்றின்மேற் பதிக்கப்பட்ட நுண்ணிய கோலங்கள், வளைந்த கிண்ணத்தைப் போலவே அலைகளை ஒருமுகப்படுத்தித் தெறிக்கச் செய்தன. செவ்வாயினருகே சூரியப் பலகைகள் தந்த மின்வலு ஏறத்தாழ 17 வொட்டு மாத்திரமே. ஒரு சிறு மின்குமிழுக்குப் போதுமான அவ்வலுவைக் கொண்டே 14 கோடி கிலோமீற்றருக்கு அப்பாற் பேசவேண்டியிருந்தது. திசைதிருப்புதற்குத் தீயணைகருவிகளில் வழங்கும் வாயுவைப் பயன்படுத்தினர். அது எரியாதது, ஆகலின் தாய்க்கலத்துக்குத் தீங்கு விளையாது.

2018ஆம் ஆண்டு மே 5இல், இன்சைற் என்னும் இறங்குகலத்தை ஏந்திய அற்லஸ் றொக்கற்றிலே இவ்விரு பேழைகளும் புறப்பட்டன. பூமியை நீங்கியதும் தனித்தனியே பிரிந்து, தம் வழியைத் தாமே திருத்திச் சென்றன. இரண்டாவது பேழையின் வாயு அடைப்பிதழொன்றிற் கசிவு ஏற்பட்டது. பொறியியலாளர் அப்பழுதுடனேயே அதனைச் செலுத்தக் கற்றனர். இன்சைற்றின் இறக்கமோ ஏறத்தாழ ஆறரை நிமிடங்களில் முடிவது. அந்நேரத்தில் அதன் குரலைச் செவ்வாயைச் சுற்றும் பெரிய கலமொன்றும் கேட்கும். ஆயினும் அது கேட்டவாறே அனுப்பவல்லதன்று, பதிந்துவைத்து ஒரு மணி நேரத்துக்கு மேற்பட்டே அனுப்பும். நவம்பர் 26இல் மார்கோப் பேழைகள் ஒருபுறம் கேட்டு, மறுபுறம் உடனே அனுப்பின. செய்தி பூமிக்கு வர ஏறத்தாழ எட்டு நிமிடங்கள் சென்றன. கலம் இறங்கிய செய்தியும், அது எடுத்த முதற் படமும் அப்பேழைகளின் வழியாகவே வந்தன.

இன்சைற் நலமே இறங்குதற்கு மார்கோ காரணமன்று. மார்கோ இரண்டும் அழிந்திருப்பினும் அது இறங்கியேயிருக்கும் என்பது ஈண்டு நோக்கற்பாலது. பெரும்பணியின் உயிர் தம்மைச் சார்ந்திராதபடி அமைக்கப்பட்டமையாலேயே அப்பேழைகள் புதியனவற்றைத் துணிந்து சோதித்தன. 1 கோடியே 85 இலட்சம் அமெரிக்க டொலர் செலவில் அமைந்த அவற்றுள் ஒன்று டிசெம்பர் 29இலும், மற்றையது 2019 சனவரி 4இலும் இறுதியாகப் பேசின. அதற்குள் அவை தம் பணியை முடித்துவிட்டன.

அப்பால், 2022 செப்தெம்பரில் டார்ட் கலம் டைமோர்பஸ் என்னும் சிறுகோளை மோதியபோது, இத்தாலியரின் லிச்சியாகியூப் அருகே கடந்துசென்று படம்பிடித்தது. அதே ஆண்டு நவம்பரில் ஆர்த்தெமிசு 1 கலத்துடன் சென்ற பத்துச் சிறு செய்மதிகளுள் சிலவோ பணி தொடங்கு முன்னரே மௌனமாயின. வெற்றியும் தோல்வியும் இவ்வழிக்கு உரியனவே.

அப்பொதுவளவின் பயன் பெருநாடுகளுடன் நின்றதன்று. யப்பானின் கியூசூத் தொழினுட்பக் கழகத்தில் இலங்கைப் பொறியியலாளர் இருவர் அமைத்த இராவணா 1, அதே பத்துச் சதமமீற்றர்ச் சதுரமுகியாய், 2019 யூன் மாதத்தில் பூமியை வலம்வரத் தொடங்கிற்று. அது கோள்களை நோக்கிச் சென்றதன்று. எனினும், செவ்வாய்வரை சென்ற பேழைக்கும் அதற்கும் பொதுவளவு ஒன்றே. கோள்களை ஆராய்வது பெருஞ்செல்வர்க்கே உரியது என்னும் எண்ணம் தளர்ந்துவருகின்றது. இழக்கத்தக்க ஒன்றை அமைத்து, இழப்பினின்றும் கற்பவர் எவர்க்கும் அவ்வழி திறந்துள்ளது. ஒரு கிராம் நிறைக்கும் ஒரு வொட்டு மின்வலுவுக்கும் கணக்குக் காட்டும் பொறுமை ஒன்றே அவ்வழி கேட்கும் விலையாகும்.