மெத்தையில் ஒளிந்திருந்த பகைவன்

ஆஸ்துமா மனித குலத்துக்குப் புதிய நோயன்று. நம் சித்த மருத்துவர்கள் அதனை ஈளை, இரைப்பு என்னும் பெயர்களால் அறிந்திருந்தனர். இந்நோய்க்கு மருந்து என்ன என்று மனிதன் பன்னெடுங்காலமாகத் தேடி வந்திருக்கிறான். ஆனால், நோயாளி வாழும் அறையில் என்ன இருக்கிறது என்பதை அவன் முறையாக ஆராயத் தொடங்கி நூறு ஆண்டுகள்தாம் ஆகின்றன.

இந்த ஆராய்ச்சி இன்று நமக்கு மிகவும் வேண்டியதாகிவிட்டது. 2020-இல் பரவிய கொரோனாத் தொற்றுக்குப் பின் பலருக்கு வீடே அலுவலகமாயிற்று. சென்னைக்கு மேற்கே உள்ள பட்டாபிராமில் 2024 நவம்பரில் 21 மாடிகள் கொண்ட டைடல் பார்க் திறக்கப்பட்டது. கணிப்பொறி வேலை அந்தப் புறநகரின் வாசலுக்கே வந்துவிட்டது. ஆயினும், படுக்கையறையின் மூலையில் மேசை போட்டு வேலை பார்ப்போர் அங்கும் உண்டு, எங்கும் உண்டு. வளர்ந்த மனிதர் ஒருவர் ஒரு நாளில் ஏறத்தாழ 10,000 லிட்டர் காற்றைச் சுவாசிக்கிறார். உறக்கமும் உழைப்பும் ஒரே அறையில் என்றால், அதில் பெரும்பகுதி அந்த அறையின் காற்றே அல்லவா?

இறகு மெத்தையை அகற்றியவர்

1552-ஆம் ஆண்டில் இத்தாலிய மருத்துவரும் கணித அறிஞருமான கார்டானோ, ஸ்காட்லாந்துக்கு அழைக்கப்பட்டார். அங்கே ஜான் ஹாமில்டன் என்னும் தலைமைப் பாதிரியார் ஆஸ்துமாவால் நெடுநாள் துன்புற்று வந்தார். அவர் படுத்துறங்கிய இறகு மெத்தையை விலக்கிப் பட்டினால் ஆன படுக்கையைப் பயன்படுத்தும்படி கார்டானோ கூறினார். பாதிரியாரின் நோய் தணிந்தது. ஏன் தணிந்தது என்பதை அன்று எவராலும் விளக்க முடியவில்லை. ஆகவே அது ஒரு மருத்துவரின் தனித்திறமை என்ற அளவில் நின்றுவிட்டது. மருத்துவ உலகம் மருந்தைத் தேடிச் சென்றது. அந்தத் தேடலில் நம் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு.

சென்னையிலிருந்து சென்ற புகை

கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை மருத்துவராகச் சென்னையில் பணியாற்றியவர் ஜேம்ஸ் ஆண்டர்சன். செடிகொடிகளில் பெரிதும் நாட்டம் கொண்டு, சைதாப்பேட்டையில் தோட்டம் அமைத்தவர். ஊமத்தை இனச் செடியைப் புகைத்தால் இரைப்பு தணியும் என்னும் இந்நாட்டு வழக்கத்தை அவர் கையாண்டார். 1802-இல் ஜென்ட் என்ற படைத்தலைவர் வழியாக அந்தச் செடி பிரிட்டனை அடைந்தது. பின்னர் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ‘ஆஸ்துமா சிகரெட்’ என்ற பெயரில் அது விலைக்கு வந்து, இருபதாம் நூற்றாண்டிலும் நீடித்தது.

ஊமத்தையில் அட்ரோபின் போன்ற பொருள்கள் உள்ளன. இவை மூச்சுக் குழாயைச் சுற்றியுள்ள தசைகளின் இறுக்கத்தைத் தளர்த்துகின்றன. அட்ரோபினிலிருந்து உருவாக்கப்பட்ட இப்ரட்ரோப்பியம் என்ற மருந்து இன்றும் மூச்சில் இழுக்கப்படுகிறது. ஆனால் ஊமத்தை கொடிய நஞ்சு. புகையோ நுரையீரலை உறுத்துவது. எனவே, பழைய முறையை எவரும் இன்று சோதித்துப் பார்க்கலாகாது.

லைடன் நகரின் தனி அறைகள்

அறையை நோக்கி அறிவியல் திரும்பியது 1920-களில். வீட்டுத் தூசியே பலருக்கு ஒவ்வாமை தருகிறது என்று அமெரிக்காவில் கெர்ன், குக் ஆகியோர் எடுத்துக்காட்டினர். அதே காலத்தில் நெதர்லாந்தின் லைடன் நகரில் ஸ்டார்ம் வான் லீவன் என்ற பேராசிரியர் ஒன்றைக் கவனித்தார். ஈரம் கசியும் தாழ்நில வீடுகளில் துன்புற்ற நோயாளிகள், சுவிட்சர்லாந்தின் உயர்ந்த மலைகளுக்குச் சென்றதும் நலமடைந்தனர். எனவே தூய காற்றைக் குழாய் வழியே செலுத்தும் தனி அறைகளைக் கட்டி நோயாளிகளை அவற்றில் தங்கவைத்தார். பலருக்கு மூச்சு எளிதாயிற்று.

தூசியில் இருந்த குற்றவாளி யார்? அதே லைடன் நகரில் வூர்ஹார்ஸ்ட், ஸ்பீக்ஸ்மா ஆகியோர் 1964-இல் விடையை வெளியிட்டனர். அது தூசி உண்ணி! எட்டுக் கால்களும் ஒரு மில்லிமீட்டரில் மூன்றிலொரு பங்கு நீளமும் உடைய சிற்றுயிர். நம் தோலிலிருந்து உதிரும் செதில்களே அதன் உணவு. அது நீர் பருகுவதில்லை. காற்றின் ஈரத்தை உறிஞ்சி வாழ்கிறது. ஈரப்பதம் 50 விழுக்காட்டுக்குக் கீழே நீடித்தால் உலர்ந்து மடிகிறது. மலைகளில் நோயாளிகள் நலம் பெற்றதன் இரகசியம் இதுவே.

1981-இல் மேலும் ஓர் உண்மை வெளிப்பட்டது. உண்ணியைவிட, அதன் எச்ச உருண்டைகளே ஒவ்வாமைக்கு முதன்மைக் காரணம். இவை காற்றில் நெடுநேரம் மிதப்பதில்லை. மெத்தையை உதறும்போது எழுந்து, சிறிது நேரத்தில் படிந்துவிடுகின்றன. எனவே காற்றை மட்டும் வடிகட்டும் கருவியால் உண்ணித் தொல்லை தீராது.

நம் அறையில் செய்யத்தக்கவை

சென்னைப் புறநகர்க் காற்றில் ஆண்டின் பெரும்பகுதியும் ஈரம் மிகுதி. உண்ணிக்கு இது உகந்த இடம். எனவே வேலை மேசையைக் கூடுமானால் படுக்கையிலிருந்து வேறு அறைக்கு மாற்றுக. இயலாவிடில், படுக்கையை உதறிய உடனே அங்கே வேலைக்கு அமர வேண்டாம். தலையணை உறைகளையும் விரிப்புகளையும் வாரம் ஒருமுறை 60 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் துவைக்கலாம். இலவம் பஞ்சு மெத்தையைக் கடும் வெயிலில் காயவைப்பது நம் வீட்டுப் பெரியோர் வழக்கம். வெப்பமும் வறட்சியும் உண்ணிகளைக் கொல்கின்றன. ஆனால் எச்சம் எஞ்சி நிற்கும். ஆகவே வெளியிலேயே தட்டி உதற வேண்டும். துடைப்பத்தால் வறட்டாகப் பெருக்குவதைவிட ஈரத் துணியால் துடைப்பது மேல்.

உண்ணி மட்டுமே பகைவன் அன்று. வடகிழக்குப் பருவமழையில் சுவரில் படரும் பூஞ்சை, கரப்பான் பூச்சியின் கழிவு, கொசுவர்த்தி, ஊதுவத்தி, சாம்பிராணி ஆகியவற்றின் புகை எல்லாமே மூச்சுக் குழாயைத் தாக்கக் கூடியவை.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. உண்ணியை ஒழிக்கும் முறைகள் பற்றிய பல சோதனைகளை 1998-இல் ஒன்றுதிரட்டி ஆராய்ந்த அறிஞர்கள், அவற்றால் ஆஸ்துமா குறைந்ததாகத் தெரியவில்லை என்றனர். மெத்தைக்கு உறையிடுவது போன்ற ஒரே ஒரு செயல் போதாது. நோயாளிக்கு எது ஒவ்வாது என்று அறிந்து, பல வழிகளையும் சேர்த்துக் கையாள வேண்டும் என்பதே இன்றைய கருத்து. அறை தூய்மையாகிவிட்டது என்று மருத்துவர் தந்த உறிஞ்சு மருந்தை நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம்.

கார்டானோ மெத்தையைப் பார்த்தார். ஆண்டர்சன் மருந்தைப் பார்த்தார். இரண்டும் வேண்டும் என்பதே நாலரை நூற்றாண்டு வரலாறு நமக்குத் தரும் பாடம்.