அலிக்கும் சிக்கந்தரும் ஒரே பெயர்தான்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள். பிள்ளைக்குப் பெயர் தேடிக்கொண்டிருப்பவர்கள் கட்டாயம் கடைசி வரை வாசியுங்கள்.

முதலில் கிரிக்கெட் பார்க்கிற தம்பிமாருக்கு ஒரு கேள்வி. மேற்கிந்தியத் தீவுகள் அணியில் அலிக் அத்தனாஸ் என்று ஓர் இடதுகைத் துடுப்பாட்ட வீரர் இருக்கிறார். டொமினிக்கா தீவைச் சேர்ந்தவர். சிம்பாப்வே அணியில் சிக்கந்தர் ராசா இருக்கிறார். பாகிஸ்தானின் சியால்கோட்டில் பிறந்தவர். இந்த இரண்டு பேரின் பெயருக்கும் என்ன சம்பந்தம்?

விடை: இரண்டும் ஒரே பெயர்.

அலிக் என்ற பெயர் மாத்தளைக்காரருக்குப் புதிதல்ல. மூத்தவர்கள் உடனே அலிக் அலுவிஹாரேயை நினைப்பார்கள். ஐக்கிய தேசியக் கட்சிக்காரர், மாத்தளையின் பாராளுமன்ற உறுப்பினர், அமைச்சர். பலாபத்வலையில் பஸ் ஏறி மாத்தளைக்குப் போகிற நாம் எல்லோரும் அவருடைய குடும்பப் பெயரைத் தாங்கிய ஊரைத் தாண்டித்தான் போகிறோம். "அலிக்" என்று கேட்டால் நம்முடைய "அலி" போல இருக்கும். ஆனால் அலி அரபுச் சொல். உயர்ந்தவர் என்று பொருள். அலிக் அதுவல்ல. அலெக்சாண்டர் என்ற நீண்ட பெயரை ஸ்கொட்லாந்துக்காரர்கள் சுருக்கிக் கூப்பிட்ட விதங்களில் ஒன்று அது.

அலெக்சாண்டர் கிரேக்கப் பெயர். "அலெக்ஸ்" என்ற பகுதிக்குக் காப்பது என்றும், "ஆண்டர்" என்ற பகுதிக்கு மனிதன் என்றும் பொருள். சேர்த்துச் சொன்னால் "மனிதரைக் காப்பவன்". கி.மு. 323இல் பாபிலோனில் இறந்த மாமன்னன் அலெக்சாண்டரால் அந்தப் பெயர் உலகம் முழுக்கப் போனது.

ஸ்கொட்லாந்துக்கு அது எப்படிப் போனது? ஹங்கேரியில் வளர்ந்த மார்கரெட் என்பவர் 11ஆம் நூற்றாண்டில் ஸ்கொட்லாந்தின் அரசியானார். தன் மகன்களில் ஒருவருக்கு அலெக்சாண்டர் என்று பெயர் வைத்தார். அவர் 1107இல் மன்னரானார். பிறகு இன்னும் இரண்டு மன்னர்கள் அதே பெயரில் ஆண்டார்கள். மூன்றாமவர் 1286இல் இறந்தார். மன்னர் பெயர் என்றால் மக்களும் வைப்பார்கள்தானே. வீட்டுக்கு வீடு அலெக்சாண்டர் ஆனபிறகு, ஆளுக்கு ஆள் வேறுபாடு தெரிய வேண்டுமே. அலெக், அலிக், சாண்டி, கேலிக் மொழியில் அலஸ்டயர் என்று கூப்பிட்டார்கள். இங்கிலாந்து கிரிக்கெட் தலைவராக இருந்த அலெக் ஸ்டுவர்ட்டின் பெயரும் இந்தக் கொப்பில் காய்த்ததுதான்.

இவற்றில் அலிக் என்ற எழுத்து வடிவம் எப்போதும் குறைவாகவே இருந்தது. ஆனாலும் அந்தப் பெயரில் பெரிய மனிதர்கள் வந்திருக்கிறார்கள். 1957இல் இன்டர்ஃபெரோன் என்ற வைரஸ் எதிர்ப்புப் பொருளைச் சகா ஒருவருடன் சேர்ந்து கண்டுபிடித்த அலிக் ஐசக்ஸ், கிளாஸ்கோவில் பிறந்த யூதக் குடும்பத்துப் பிள்ளை. சொலமன் தீவிலிருந்து அவுஸ்திரேலியாவுக்குப் போய் நீச்சலில் புகழ்பெற்ற அலிக் விக்ஹாம் இன்னொருவர். கிரேக்கப் பெயர், ஸ்கொட்லாந்துச் சுருக்கம், சூடியவர்கள் யூதர், தீவுவாசி, கரீபியன்காரர், நம்முடைய மாத்தளைச் சிங்களவர்.

இனி, இப்படியான பெயர்கள் மாத்தளை வரை எப்படி வந்தன என்று பார்ப்போம்.

1815இல் கண்டி ராச்சியம் ஆங்கிலேயரிடம் போனது. பிறகு கோப்பித் தோட்டம் வந்தது. 1848இல் இந்த மாத்தளையில்தான் வரிக்கு எதிராகக் கிளர்ச்சி வெடித்தது. அதற்குத் தலைமை தாங்கிய வீர புரன் அப்புவின் சொந்தப் பெயர் பிரான்சிஸ்கோ பெர்னாண்டோ! ஆங்கிலேயரை எதிர்த்துச் சுடப்பட்டு இறந்த வீரனின் பெயர் போர்த்துக்கேயப் பெயர். பெயரைப் பார்த்து ஒருவர் எந்தப் பக்கம் என்று தீர்மானிக்க முடியாது என்பதற்கு நம்முடைய மண்ணிலேயே இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

அதன் பிறகு மிஷன் பாடசாலைகள் வந்தன. கண்டியில் 1872இல் டிரினிட்டி கல்லூரி தொடங்கியது. தோட்டத் துரைமாரில் ஸ்கொட்லாந்துக்காரர்கள் நிறையப் பேர். 1867இல் லூல்கந்துரையில் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லரும் அவர்களில் ஒருவர்தான். அரசாங்க உத்தியோகம், பாடசாலை, தோட்டம் மூன்றிலும் ஆங்கிலம் இருந்தது. பெரிய குடும்பங்கள் பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பெயர்களை வைத்தன. 1947இல் இலங்கையரில் முதலாவது பொலிஸ் மா அதிபரான ரிச்சர்ட் அலுவிஹாரே, மாத்தளை அரசியலில் பெர்னார்ட் அலுவிஹாரே, பிறகு அலிக்.

இது ஒரு குடும்பத்தின் கதை மட்டுமல்ல. 1899இல் பிறந்த எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்கவின் பெயரில் உள்ள "டபிள்யூ.ஆர்." என்ன தெரியுமா? வெஸ்ட் ரிட்ஜ்வே. அப்போது தேசாதிபதியாக இருந்தவரின் பெயர். ஜே.ஆர். என்றால் ஜூனியஸ் ரிச்சர்ட். டட்லி என்றால் இங்கிலாந்தில் ஓர் ஊரின் பெயர். தந்தை செல்வா என்று தமிழர் அழைத்த செல்வநாயகம்கூட சாமுவேல் ஜேம்ஸ் வேலுப்பிள்ளை செல்வநாயகம்.

அடுத்த தலைமுறையைப் பாருங்கள். பண்டாரநாயக்கவின் பிள்ளைகள் சுனேத்ரா, சந்திரிகா, அனுர. ஜே.ஆரின் மகன் ரவி. அலிக் அலுவிஹாரேயின் மகன்மாரில் அரசியலுக்கு வந்தவர்கள் ரஞ்சித், வசந்த. 1956க்கு முன்னும் பின்னும் நாட்டில் வீசிய காற்று மாறியதைப் பெயர்ப் பட்டியலிலேயே வாசிக்கலாம். ஒரு காலத்தில் பெருமையாக இருந்த அலிக் போன்ற பெயர்கள் இன்று நம் பக்கத்தில் பிறக்கும் பிள்ளைகளுக்கு அரிதாகிவிட்டன.

முஸ்லிம்களிடம் இந்த ஆங்கிலப் பெயர் அலை அவ்வளவாக அடிக்கவில்லை. மிஷன் பாடசாலைக்குப் போனால் பிள்ளை மார்க்கத்தை விட்டுவிடும் என்ற பயம் நம் மூத்தவர்களுக்கு இருந்தது. கண்டியைச் சேர்ந்த அறிஞர் சித்திலெப்பை போன்றவர்கள் நமக்கென்று பாடசாலை வேண்டும் என்று பாடுபட்டதும் அதனால்தான். கொழும்பு ஸாஹிரா 1892இல் அப்படி உருவானது. ஆகவே நம் வீடுகளில் அலிக், ரிச்சர்ட் வரவில்லை.

வரவில்லையா? அங்கேதான் கதை திரும்புகிறது.

அலெக்சாண்டர் என்ற பெயர் அரபு, பாரசீக உலகத்துக்குள் வந்தபோது, "அல்" என்று தொடங்கியதைக் கேட்டவர்கள் அதை அரபியில் பெயருக்கு முன்னால் வரும் "அல்" என்று எடுத்துக்கொண்டார்கள். அதைக் கழற்றிவிட்டால் மிச்சம் இருப்பது "எக்சாண்டர்". "க்ஸ்" என்பது "ஸ்க்" என்று இடம் மாறியது. இஸ்கந்தர் ஆனது. எகிப்தில் அவன் கட்டிய நகரம் இன்றும் அரபியில் "அல் இஸ்கந்தரிய்யா". பாரசீகத்தில் அது சிக்கந்தர் ஆகி, அங்கிருந்து இந்தியாவுக்கு வந்தது. டில்லி சுல்தான் அலாவுத்தீன் கில்ஜி தன்னுடைய நாணயத்தில் தன்னை "இரண்டாவது சிக்கந்தர்" என்று பொறித்துக்கொண்டார். மதுரையை ஆண்ட கடைசி சுல்தான் பெயரும் சிக்கந்தர் ஷா. மலாய் உலகத்தில் மலாக்கா மன்னர்கள் தங்கள் வம்சம் இஸ்கந்தரிலிருந்து வந்தது என்றே சொல்லிக்கொண்டார்கள். ஹிந்தியில் சிக்கந்தர் என்றால் வெற்றி பெற்றவன் என்றே அர்த்தமாகிவிட்டது. 1978இல் வந்த அமிதாப் பச்சன் படத்தின் பெயரை நம் வாப்பாமாரிடம் கேட்டுப் பாருங்கள்.

நம் நாட்டுக்கும் அந்தப் பெயர் பழையதுதான். 1344இல் இலங்கைக்கு வந்த இப்னு பதூதா, பாவா ஆதம் மலைக்கு ஏறின வழியைச் சொல்லும்போது இஸ்கந்தரின் பெயரால் அழைக்கப்பட்ட ஓர் இடத்தையும், அங்கே ஒரு குகையும் தண்ணீரும் இருந்ததையும் எழுதியிருக்கிறார். அலெக்சாண்டர் இலங்கைக்கு வரவே இல்லை. கி.மு. 326இல் பஞ்சாபிலிருந்தே திரும்பிப் போய்விட்டான். ஆள் வராத இடத்துக்குப் பெயர் வந்திருக்கிறது.

அதைவிடப் பழைய செய்தி ஒன்று மகாவம்சத்தில் இருக்கிறது. துட்டகைமுனு மன்னன் (கி.மு. 161–137) ருவன்வெலிசாயவுக்கு அடிக்கல் வைத்தபோது, "யோனர்களின் அலசந்த நகரத்திலிருந்து" யோன மகா தம்மரக்கித தேரர் முப்பதாயிரம் பிக்குகளோடு வந்தார் என்று அதில் எழுதப்பட்டிருக்கிறது. அலசந்த என்பது அலெக்சாண்டரின் பெயரால் அமைந்த நகரம். இன்றைய ஆப்கானிஸ்தான் பக்கத்தில் இருந்த ஒன்று என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. ஆக, அலிக் என்ற பெயரின் வேர் பௌத்தர்களின் மிகப் பெரிய வரலாற்று நூலிலேயே இருக்கிறது.

அந்த வசனத்தில் உள்ள "யோன" என்ற சொல்லைக் கவனியுங்கள். கிரேக்கரில் ஒரு பிரிவினர் அயோனியர். பாரசீகத்தில் யௌன, சமஸ்கிருதத்தில் யவன, பாளியில் யோன, சங்கத் தமிழில் யவனர். முதலில் கிரேக்கரைக் குறித்த சொல், மேற்கே கடல் தாண்டி வருகிற எல்லாரையும் குறித்தது. பிறகு அரபிகளைக் குறித்தது. தமிழில் அது "சோனகர்" ஆனது. உங்கள் பிறப்புச் சாட்சிப் பத்திரத்தை எடுத்து இனம் என்ற இடத்தைப் பாருங்கள். "இலங்கைச் சோனகர்" என்றுதான் இருக்கும். நாம் கிரேக்கர் அல்ல. ஆனால் நம்மை இந்த நாடு அழைக்கிற சொல்லும், அலெக்சாண்டர் பெயரால் வந்த நகரமும் மகாவம்சத்தில் ஒரே வரியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன்?

ஒன்று. 2018 மார்ச்சில் கண்டிப் பக்கத்திலும், 2019 ஏப்ரலுக்குப் பிறகு நாடு முழுக்கவும் நம் பெயர்கள் எப்படிப் பார்க்கப்பட்டன என்பது யாருக்கும் மறக்கவில்லை. பெயரைக் கேட்டதும் முகம் மாறியதை அனுபவித்தவர்கள் இந்தப் பதிவை வாசிப்பவர்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். "உங்கள் பெயர்கள் வெளிநாட்டுப் பெயர்கள்" என்று யாராவது பிள்ளையிடம் சொன்னால், பிள்ளைக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். கோபமான பதில் வேண்டாம். அலிக்கும் சிக்கந்தரும் ஒரே பெயர், புரன் அப்பு பிரான்சிஸ்கோ, பண்டாரநாயக்க வெஸ்ட் ரிட்ஜ்வே, நாம் எல்லோரும் தூரத்திலிருந்து வந்த பெயர்களைச் சுமந்துகொண்டு இதே மண்ணில் வாழ்கிறவர்கள் என்று சிரித்துக்கொண்டு சொல்லத் தெரிந்தால் போதும்.

இரண்டு. இது நமக்குள்ளே. "சிக்கந்தர் அரபுப் பெயர் இல்லையே, இஸ்லாமியப் பெயர் இல்லையே" என்று சொல்லிப் பழைய பெயர்களை ஒதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். சூரா கஹ்ஃபில் வரும் துல்கர்னைன் அலெக்சாண்டர்தான் என்று சொன்ன அறிஞர்களும் உண்டு, அதை உறுதியாக மறுத்த அறிஞர்களும் உண்டு. அந்த விவாதத்தை உலமாக்களிடம் விடுவோம். ஆனால் ஒன்றை யோசியுங்கள். இப்ராஹீம், இஸ்மாயீல், யூஸுஃப் என்ற பெயர்களை அரபு இலக்கண அறிஞர்களே அஜமிப் பெயர்கள், அதாவது அரபியல்லாத பெயர்கள் என்று வகுத்திருக்கிறார்கள். நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் தம்முடைய மகனுக்கு இப்ராஹீம் என்று பெயர் வைத்தார்கள். நல்ல பொருள் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. "மனிதரைக் காப்பவன்" என்பதைவிட ஓர் ஆண் பிள்ளைக்கு என்ன நல்ல பொருள் வேண்டும்?

பாடசாலையில் இடாப்பு மார்க் பண்ணும்போது எனக்குத் தெரிகிற ஒன்றைச் சொல்கிறேன். யாருக்கும் இல்லாத பெயராக இருக்க வேண்டும் என்று போனில் தேடி எடுத்த பெயருக்குப் பொருள் கேட்டால் பிள்ளைக்குத் தெரிவதில்லை. சில நேரம் பெற்றோருக்கும் தெரிவதில்லை. மூத்த வாப்பாவின் பெயரைத் தாங்கிய பிள்ளையிடம் கேட்டால், பொருள் தெரியாவிட்டாலும் ஒரு கதை வரும். "எங்கட மூத்த வாப்பா அப்படி இருந்தார், இப்படி இருந்தார்" என்று. அரிய பெயர் வேண்டுமென்றால் எங்கேயும் தேடத் தேவையில்லை. நம்முடைய மையவாடியிலும் பழைய காணி உறுதிகளிலும் எத்தனையோ அரிய பெயர்கள் கிடக்கின்றன.

ஆகவே ஒரு வேலை தருகிறேன், ஆசிரியர் என்றால் வீட்டுவேலை கொடுக்காமல் விடமாட்டார்தானே. இந்த வாரம் வீட்டில் இருக்கும் மூத்தவர்களிடம் உட்கார்ந்து, அவர்களுடைய வாப்பா, மூத்த வாப்பா, உம்மம்மா பெயர்களைக் கேட்டு எழுதுங்கள். யார் வைத்தது, ஏன் வைத்தது என்றும் கேளுங்கள். சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். புதிதாகப் பிள்ளை பிறந்த வீட்டார், பதிவாளரிடம் போக முன்பு பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எப்படி எழுதுவது என்று தீர்மானித்து ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். ஒரே சிக்கந்தர் பிறப்புச் சாட்சிப் பத்திரத்தில் ஒரு மாதிரியும், அடையாள அட்டையில் வேறு மாதிரியும், பாஸ்போர்ட்டில் இன்னொரு மாதிரியும் இருந்தால் பிற்காலத்தில் அலைவது அந்தப் பிள்ளைதான்.

உங்கள் வீட்டில் சிக்கந்தர், இஸ்கந்தர் என்று யாராவது இருந்தால் கீழே எழுதுங்கள். வேறு பழைய பெயர்கள் இருந்தாலும் எழுதுங்கள். சிங்கள நண்பர்கள் இருக்கிற வீடுகளில் இந்த அலிக் கதையை அவர்களுக்கும் சொல்லுங்கள்.

அல்லாஹ் நம் பிள்ளைகளைத் தங்கள் பெயருக்கேற்ற நல்ல மனிதர்களாக ஆக்குவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.